குசினி யன்னலால் வந்த வயர்

எண்பதுகளின் நடுவில் மொன்றியலில் எனக்கென்று ஒரு வீடு இருந்தது. அதற்கு நாலு சில்லு. ஒரு கிழவரும் அவருடைய மனைவியும் கோடையில் ஊர் சுற்றுவதற்காக வைத்திருந்த பழைய வான் அது. கிழவருக்குக் கண் மங்கியதும் விற்றுவிட்டார்கள். உள்ளே ஒரு கட்டில், மடித்து வைக்கும் மேசை, இரண்டு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கைப்பிடி கழன்ற ஒரு சின்ன அலுமாரி. யன்னல்களுக்கு அந்த அம்மா தைத்துப் போட்ட செம்மஞ்சள் திரைச்சீலைகள். கடைசிவரை நான் அவற்றை மாற்றவில்லை.

அதற்கு முன்னர் டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். நம்முடைய ஆட்கள் எட்டோ ஒன்பதோ பேர் சேர்ந்து எடுத்திருந்த வீட்டில் எனக்கும் ஒரு மெத்தையில் பங்கு இருந்தது. பகல் வேலைக்காரன் வந்து படுக்கும் மெத்தையில் இருந்துதான் இரவு வேலைக்காரன் எழும்பிப் போவான். அந்த மெத்தை ஒருநாளும் ஆறியதில்லை. சமையலுக்கு முறை வைத்திருந்தோம். என் முறை வரும் நாளில் எல்லோரும் வெளியில் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் எனக்கு ஒரே இடத்தில் கனகாலம் இருக்க வராது. எட்டாம் வகுப்போடு திருகோணமலையை விட்டுக் கப்பலில் ஏறியவன். பிறகு பேர்லினில் ஒரு முகாம், பிறகு இந்த ஊர். சட்டி கழுவுவதும் எனக்கு அலுத்துப்போனது.

அப்போது கிடைத்தது சாமான் அடுக்கும் இறாக்கை பூட்டும் வேலை. புதிதாகத் திறக்கும் கடைகளுக்கும் களஞ்சியங்களுக்கும் இரும்புத் தட்டுகளும் கம்பிகளும் கொண்டுபோய் நிலத்தில் பரப்பி, அளந்து, நிமிர்த்தி, ஆணி முறுக்கி விட்டுவிட்டு வர வேண்டும். இன்று ஒரு மருந்துக் கடை, அடுத்த கிழமை நூறு மைல் தள்ளி ஒரு சாமான் கடை. முதலாளி ஒரு கியூபெக்காரர். பெரிய வயிறு, காதில் எப்போதும் ஒரு பென்சில். அவர் போகும் ஊர்களில் மலிவான மோட்டலில் தங்குவார். நான் கடைக்குப் பின்னால் வானை நிறுத்திப் படுத்துக்கொள்வேன். அவருக்குச் செலவு மிச்சம். எனக்கு அவருடைய குறட்டை மிச்சம்.

நாய் வந்தது அப்படி ஒரு கடையில் இருந்துதான். ஆற்றோரம், கியூபெக் நகரத்துக்கும் கீழே ஒரு சின்ன ஊர். பழைய இரும்புக் கடைக்காரர் இறந்துபோய், கடையை வேறொருவர் வாங்கிப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். சாமான் இறக்கும் கதவடியில் பழுப்பு நிறத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. ஒரு காது நிமிர்ந்து நிற்கும், மற்றது மடிந்து கிடக்கும். யாருடையது என்று கேட்டேன். அது கடையோடு சேர்ந்தது என்றார்கள். கடைதான் போய்விட்டதே என்றேன். புதுக்காரர் தோளைக் குலுக்கினார். வேலை முடிந்து நான் புறப்பட்ட அன்று அது வானுக்குள் ஏறிக் கட்டிலுக்குக் கீழே படுத்துவிட்டது. நான் இறக்கவில்லை.

அதற்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் இருந்திருக்கும். எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் "டேய்" என்று கூப்பிட்டேன், அது திரும்பிப் பார்த்தது. அதுவே பெயராகிப்போனது.

கோடையும் இலையுதிர் காலமும் எங்களுக்கு நன்றாகவே போயின. நான் வேலை செய்யும்போது அது வானடியில் படுத்திருக்கும். மதியத்தில் இருவரும் ஆற்றோரம் நடப்போம். முதலாளி தன்னுடைய பாணில் பாதியை அதற்குப் பிய்த்துப் போடுவார். எந்த ஊரில் எந்தக் கடையின் பின்பக்கம் நிழல், எங்கே தண்ணீர்க் குழாய், எந்தத் தெருவில் பொலிஸ் வந்து கண்ணாடியில் தட்டுவார்கள் என்பதெல்லாம் எனக்குப் பாடமாகிவிட்டது. இரவில் அது என் கால்களுக்கு மேல் படுக்கும். அந்தப் பாரம் இல்லாமல் நித்திரை வராது என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

பிறகு குளிர் வந்தது. காலையில் எழும்பினால் திரைச்சீலை யன்னலோடு ஒட்டி உறைந்திருக்கும். வானின் உட்சுவரில் எங்கள் இருவருடைய மூச்சும் பனியாகப் பூத்திருக்கும். அடுப்பை எரியவிட்டுப் படுத்தால் எழும்ப மாட்டாய் என்று முதலாளி சொன்னார். மின்சார ஹீட்டர் வைக்கலாம். அதற்குக் கரண்ட் வேண்டும். கரண்டுக்கு ஒரு வீடு வேண்டும். வானும் நாயுமாக வருபவனுக்கு யார் வீடு கொடுப்பார்கள்? டவுன்டவுன் நண்பர்களைக் கேட்டேன். "மனுசருக்கே இஞ்சை முறை வைச்சுப் படுக்கை, நாய்க்கு எந்த முறையடாப்பா?" என்று சிரித்தார்கள். நாயை விட்டுவிட்டால் எனக்கு மட்டும் மெத்தை உண்டு என்றும் சொன்னார்கள். விடுவதென்றால் பிராணிகளைச் சேர்க்கும் இடத்தில்தான் விட வேண்டும். சில நாளுக்குள் யாரும் எடுக்காவிட்டால் அங்கே என்ன செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அந்த நாட்களில் மொன்றியலின் ஒரு பக்கமான சென்ட் லோரன்டில் ஒரு பிளாஸ்டிக் ஃபக்டரியின் களஞ்சியத்தில் இறாக்கை பூட்டிக்கொண்டிருந்தேன். மெஷினடியில் நின்ற ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்தார்.

"தமிழோ?"

"ஓம் அண்ணை."

"எவடம்?"

"திருகோணமலை."

"அதில்லை, இஞ்சை எவடத்தில இருக்கிறாய்?"

"வெளியில நிக்குது."

எட்டிப் பார்த்தார். வானையும், முன் இருக்கையில் முதலாளியைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்த நாயையும் கண்டார். கனநேரம் சிரித்தார். அன்று மாலை என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

யாழ்ப்பாணத்துக்காரர். மூன்று மாடிக் கட்டிடத்தில் அடித்தட்டு வீடு. பின்பக்கம் மரத்தால் ஒரு சின்ன விறாந்தை, அதற்கப்பால் கார் நிறுத்தும் இடம். மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து ஒரு உடுப்பு ஃபக்டரிக்குச் சட்டைக் கொலர் தைத்துக் கொடுத்தார். பிள்ளைகள் இல்லை. அவரை நான் அக்கா என்றேன். அக்கா சமைத்துக்கொண்டிருந்த குசினியின் யன்னலால் என் வீட்டை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நாயைப் பார்த்தார்.

"தம்பி, உந்த யன்னலால கரண்ட் வயர் தாறன். சாப்பாடும் தாறன். ஆனா நாய் வாசல்படி தாண்டக்கூடாது. உள்ளுக்கை சாமிப்படம் இருக்கு."

"தாண்டாது அக்கா."

"நீ சொல்லுறாய். அதுக்குத் தெரியுமோ?"

தெரிந்துகொண்டது. முதல் கிழமையில் இரண்டு முறை அதட்டியிருப்பார். அதற்குப் பிறகு பின்கதவு அகலத் திறந்து கிடந்தாலும் முன்னங்கால்கள் இரண்டையும் படிக்கு வெளியே ஒட்ட வைத்துக்கொண்டு நின்றுவிடும். மூக்கு மட்டும் உள்ளே வரும். மூக்கை அக்கா கணக்கில் எடுக்கவில்லை.

வயர் போவதற்காக யன்னலை ஒரு விரலளவு திறந்து வைத்து, அந்த இடைவெளியில் பழைய சேலைத் துண்டைச் சுருட்டி அடைத்தார். ஹீட்டர் சிவந்தது. அன்றிரவு நாயும் நானும் சட்டையில்லாமல் படுக்கலாம் போல இருந்தது. கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ளும் கொன்சியேர்ஜ் வந்து வயரைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், "போன்ஜூர்" என்று நாய்க்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அக்காவின் சனிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய தம்பியை ஊரில் இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். எந்த முகாமில் வைத்திருக்கிறார்கள் என்பதே நெடுநாள் தெரியாமல் இருந்தது. அவன் வெளியே வரும்வரைக்கும் சனி விரதம் பிடிப்பதாக அக்கா நேர்ந்திருந்தார். காலையில் முழுகி, மரக்கறி சமைத்து, மதியத்தில் ஒரு நேரச் சாப்பாடு. அதற்கு முதல், சோற்றில் எள்ளும் நெய்யும் குழைத்துக் காகத்துக்கு வைக்க வேண்டும். காகம் வாய் வைத்த பிறகுதான் அவர் சாப்பிடலாம்.

நான் வருவதற்கு முன், இலையுதிர் காலத்தில் காகங்கள் வந்தனவாம். விறாந்தைக் கைப்பிடிக் கட்டையில் சோறு வைத்து அக்கா "கா, கா" என்று கூப்பிட்டால், மேல்வீட்டுக் கியூபெக்காரி எட்டிப் பார்ப்பாள். பனி கொட்டத் தொடங்கியதும் அந்தப் பக்கத்துக் காகங்கள் எங்கேயோ போய்விட்டன. நான் வயர் இழுத்த பிறகு வந்த இரண்டாவது சனிக்கிழமை அக்கா வைத்த சோறு கல்லாக உறைந்தது. எடுத்துச் சூடாக்கித் திரும்ப வைத்தார். இந்த ஊர்க் கறுப்பு அணில் ஒன்று வந்து முகர்ந்துவிட்டுப் போனது.

"அணிலும் கறுப்பாத்தானே இருக்கு, காகம் எண்டு நினைச்சுக்கொண்டு சாப்பிடுமன்" என்றார் அண்ணை.

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ."

பொழுது சாய்ந்துகொண்டு வந்தது. அக்கா கதவடியில் சால்வையோடு நின்றார். நான் வானில் இருந்து இறங்கினேன். எனக்கு முதல் நாய் இறங்கி ஓடியது. ஒரே பாய்ச்சலில் விறாந்தையில் ஏறி, முன்னங்கால்களைக் கைப்பிடியில் வைத்து, அந்தச் சோற்றை நக்கித் துடைத்துவிட்டது. இன்றோடு வயர் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அக்கா நாயைப் பார்த்தபடி நின்றார். பிறகு என்னிடம் கேட்டார்:

"முழுக்கச் சாப்பிட்டுதோ?"

"ஓம் அக்கா. ஒரு பருக்கை மிச்சமில்லை."

"வைரவற்றை வாகனம்" என்றார். உள்ளே போய்க் கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

அண்ணைக்கு அன்று முழுக்கக் கொண்டாட்டம். "இஞ்சரும், உது கியூபெக் நாய். இஞ்சத்தை நாயெல்லாம் வேதம். கூட்டிக்கொண்டு வந்த இவனும் சேர்ச்சுக்குப் போற வேதக்காரன். உம்மடை விரதத்தைப் பாப்பாண்டவரிட்டை எல்லோ கொண்டுபோய்க் குடுக்கப் போகுது!"

"எந்த நாயெண்டாலும் வைரவற்றை நாய்தான்."

"நீர் சோறு வைக்கிறது சனீஸ்வரனுக்கு. அதை வைரவற்றை ஆள் திண்டால் அது எந்தக் கணக்கிலை சேரும்?"

"சனீஸ்வரனுக்கே வாத்தியார் வைரவர்தான். தெரியாட்டிக் கதையாதேங்கோ."

அண்ணை என் பக்கம் திரும்பினார். "கேட்டியோ? உன்ரை நாய்க்கு உத்தியோகம் கிடைச்சிட்டுது. எனக்கு நிரந்தரமாக்க ஒரு வருசம் எடுத்தது."

எங்கள் வேலையில் சிக்கல் அங்கேதான் தொடங்கியது. திங்கள் புறப்பட்டால் வெள்ளி திரும்புவோம். சில கிழமை சனி, ஞாயிறும் சேர்ந்துவிடும். அப்படி ஒரு கிழமை நாயோடு வெளியூரில் நின்றுவிட்டு ஞாயிறு மாலை வந்தேன். அண்ணை விறாந்தையில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார். வழமையான பகிடி இல்லை.

"நேற்று முழுக்க அவள் பச்சைத் தண்ணியோடை இருந்தவள்" என்றார் மெதுவாக. "நான் சொல்லிப் பாத்தன். கேக்கேல்லை. தம்பி சிறையிலை பட்டினியோ தெரியாது, நான் ஒரு நாள் கிடந்தா என்ன எண்டாள்."

நாயை விட்டுவிட்டுப் போகவும் வழியில்லை. அது இருக்கும் வீடு என்னோடு வந்துவிடும். வெளியில் கட்டினால் விறைத்துச் செத்துப்போகும். அதனால் ஒரே ஒரு வழிதான் இருந்தது. சனி மதியத்துக்கு நாங்கள் இருவரும் அந்த விறாந்தைக்கு வந்து சேர வேண்டும். முதலாளியிடம் சனிக்கிழமை எனக்கு ஏலாது என்றேன். "ஏன், பள்ளிவாசலா, தேவாலயமா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், என்னுடைய நாய்க்கு ஒரு வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு அழைப்பு இருக்கிறது, அது போகாவிட்டால் அந்த வீட்டு அம்மா சாப்பிட மாட்டார் என்று சொன்னேன். காதில் இருந்த பென்சிலை எடுத்துக் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "என் மாமியார் வீட்டில் எனக்கு இந்த மரியாதை இல்லை" என்று சொல்லிவிட்டுச் சம்மதித்தார்.

ஒருமுறை முந்நூறு மைலுக்கும் அப்பால் ரிமூஸ்கி பக்கத்தில் வேலை முடிய வெள்ளி இரவாகிவிட்டது. விடிந்து பார்த்தால் புயல். மற்றவர்கள் போகவேண்டாம் என்றார்கள். நான் பனி தள்ளும் வண்டி ஒன்றுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு புறப்பட்டேன். வைப்பர் நின்று நின்று வேலை செய்தது. யன்னலால் கையை விட்டுக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினேன். டேய் முன் இருக்கையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டே வந்தது. எங்களுக்கு முன்னால் போன லொறி ஒன்று வாய்க்காலுக்குள் சரிந்ததைக் கண்டோம். பயமாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது யோசித்தால், என் வாழ்க்கையில் யாரோ எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்து வண்டி ஓட்டிய முதல் நாள் அதுதான். சென்ட் லோரன்ட் வந்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. குசினி யன்னலில் அக்காவின் முகம் தெரிந்தது. வான் நிற்பதற்கு முன்பே அவர் சோற்றுக் கோப்பையோடு வெளியே வந்துவிட்டார்.

"இந்தக் குளிருக்கை ஆர் உன்னை வரச் சொன்னது?" என்று என்னை ஏசினார். நாயை ஏசவில்லை.

தை மாதம் முடியும்போது முதலாளிக்குப் பெரிய வேலை ஒன்று கிடைத்தது. வடக்கே, அணைக்கட்டு வேலையாட்களின் முகாமில் ஒரு பெரிய களஞ்சியம். விமானத்தில்தான் போக வேண்டும். ஒன்றரை மாதம். தங்குவதும் சாப்பாடும் அங்கேயே. நாய் கூடாது. போகாவிட்டால் வசந்தம் வரும்வரை வேறு வேலை இல்லை என்றார்.

அந்தச் சனிக்கிழமை நாய் சாப்பிட்டு, அக்கா சாப்பிட்டு, நானும் சாப்பிட்ட பிறகு விஷயத்தைச் சொன்னேன். நாயைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வயர் தந்தவர்களிடம் வீட்டையும் கேட்பது எப்படி? அவர்கள் வீட்டில் அந்த ஒரு படிதான் அக்காவுடைய சட்டம். நாயை எங்கே விடுவதென்று யோசிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். பிராணிகள் சேர்க்கும் இடத்தைப் பற்றி அண்ணைக்குத் தெரியும். கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

அக்கா கொலர் ஒன்றைத் தைத்து முடித்து, பல்லால் நூலைக் கடித்தார்.

"நீ விமானத்திலை எண்டால் வான் இஞ்சைதானே நிக்கும்?"

"ஓம்."

"வயரும் யன்னலுக்கை கிடக்குது."

"ஓம் அக்கா."

"அப்ப நாய்க்குத் தனி வீடு இருக்கு. அது ஏன் என்ரை படியைத் தாண்ட வேணும்? நேரத்துக்குச் சாப்பாடு கொண்டுபோய் வைக்கலாம்."

"கூட்டிக்கொண்டு நடக்கிறது?" என்றேன்.

"உவர் இருக்கிறார். ஃபக்டரியும் கதிரையுமா இருந்து வயிறு வைச்சிருக்கிறார்."

இப்படி என்னுடைய வீட்டில் நாய் குடியிருக்க, நான் விமானம் ஏறினேன்.

முகாமில் எனக்கு ஒரு அறை தந்தார்கள். வெள்ளைப் போர்வை, சுடுதண்ணீர், மூன்று வேளையும் இறைச்சி. என் வாழ்க்கையில் அவ்வளவு வசதியாக அதுவரை படுத்ததில்லை. நித்திரைதான் வரவில்லை. கால்கள் பாரமில்லாமல் கிடந்தன. பையை எடுத்துக் கால்மேல் வைத்துப் பார்த்தேன். பை மூச்சு விடாது.

சனிக்கிழமை மாலையில் முகாமின் ஒரே தொலைபேசிக்கு வரிசையில் நின்று எடுப்பேன். "சாப்பிட்டிட்டுது. முதல் அது, பேந்து நான்" என்பார் அக்கா. பின்னால் அண்ணையின் குரல் கேட்கும்: "உன்ரை வாடகைக்காரர் சுகமா இருக்கிறார் எண்டு சொல்லும்! காலமை என்னை இழுத்துக்கொண்டு பார்க் முழுக்கச் சுத்தினவர்!" அதுவரை ஃபக்டரிக்கும் வீட்டுக்கும் மட்டும் வழி தெரிந்த அண்ணைக்கு, டெப்பனர் எனும் மூலைக்கடைக்காரரும் பார்க்கில் நடக்கும் கிழவர்களும் இப்போது வணக்கம் சொல்கிறார்களாம்.

கடைசிக் கிழமை தொடக்கத்தில், மொன்றியலில் கடுங்குளிர் என்று வானொலியில் சொன்னார்கள். சில பகுதிகளில் கரண்ட் இல்லை என்றும் சொன்னார்கள். நான் தொலைபேசி எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த நாளும் எடுத்தேன். யாரும் எடுக்கவில்லை. கரண்ட் இல்லாவிட்டால் அந்த வான் எவ்வளவு நேரம் சூடாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம். முதலாளியிடம் போனேன். கிழமை முடிவில்தான் விமானம் என்றார். அவர் என்னைப் பார்த்த பார்வையில், தன்னால் முடிந்தால் தோளில் தூக்கிக்கொண்டு போயிருப்பார் என்று தெரிந்தது. மிச்ச நாட்களில் நான் இறாக்கை பூட்டினேன். எதைப் பூட்டினேன் என்று நினைவில்லை.

திரும்பி வந்து பஸ்ஸால் இறங்கிப் பின்பக்கத்தால் நடந்தேன். வான் பாதி பனிக்குள் புதைந்து நின்றது. வயர் கழற்றப்பட்டு விறாந்தையில் சுருட்டிக் கிடந்தது. குசினி யன்னல் இறுகப் பூட்டியிருந்தது. அந்த யன்னலை முழுதாகப் பூட்டி நான் அதற்கு முன் கண்டதில்லை. வான் கதவு உறைந்து ஒட்டியிருந்தது. உதைத்துத் திறந்தேன். தண்ணீர்க் கோப்பை அடிவரை பனிக்கட்டி. என்னுடைய போர்வையைக் காணவில்லை. நாயையும் காணவில்லை.

பின்கதவைத் தட்டினேன். அக்கா திறந்தார்.

"கெதியா உள்ள வா, கதவைப் பூட்டு. அதுக்குக் குளிர்."

தையல் மெஷினுக்குக் கீழே, என்னுடைய போர்வையில் டேய் படுத்திருந்தது. என்னைக் கண்டதும் எழும்பி வந்து என் வயிற்றில் தலையை முட்டியது. அக்கா மற்றப் பக்கம் திரும்பித் தேத்தண்ணிக்கு அடுப்பைப் பற்றவைத்தார்.

நடந்ததை அண்ணைதான் சொன்னார். அவர் வேலைக்குப் போன பிறகு, காலையில் தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. தொலைபேசியும் பழுது. எங்கள் பக்கம் எடுத்தால் மணி அடிக்கும், அவர்கள் பக்கம் கேட்காது. வான் குளிரத் தொடங்கியிருக்கும் என்று அக்காவுக்கு உடனே விளங்கியது. அண்ணையின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய் நாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாசல்வரை வந்தது. படியில் நின்றுவிட்டது.

"வா எண்டாள். வரேல்லை. உள்ளுக்கை நிண்டு சோறு காட்டினாள். வரேல்லை. முன்னங்கால் ரெண்டும் படிக்கு அங்காலை. அவள் படிப்பிச்சதை அது மறக்கேல்லை. கடைசியிலை குழந்தைப் பிள்ளை மாதிரிக் கட்டிப்பிடிச்சுத் தூக்கினவள். உந்தத் தடியனை!"

"அண்டைக்குப் பிடிச்ச இடுப்பு இன்னும் விடேல்லை" என்றார் அக்கா அடுப்பைப் பார்த்தபடி.

"சாமிப்படம்?" என்று கேட்டேன். சுவரில் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

"அலுமாரிக்கு மேல ஏத்தியிருக்கிறன். அவர் மேல இருக்கட்டும், உவர் கீழ இருக்கட்டும்."

அடுத்த நாள் வேலையில் மிஞ்சிய ஒரு இறாக்கையைக் கொண்டுவந்து, சுவரில் உயரத்தில், அக்காவின் கை எட்டும் அளவுக்குப் பூட்டிக் கொடுத்தேன். நீர்மட்டம் வைத்துப் பார்த்துப் பூட்டினேன். நான் பூட்டிய இறாக்கைகளில் எனக்குத் தெரிந்து இப்போதும் நிற்பது அது ஒன்றுதான்.

பனி உருகித் தெருவெல்லாம் சேறாக இருந்த ஒரு நாள், கொழும்பில் இருந்து அழைப்பு வந்தது. தம்பியை விட்டுவிட்டார்கள். மெலிந்திருக்கிறான், நடக்கிறான், கதைக்கிறான் என்றார்கள். அக்கா தொலைபேசி வாங்கியைக் கீழே வைக்க மறந்து கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். அந்தச் சனிக்கிழமை முழுகி, வழமைபோலச் சமைத்து, எள்ளுச் சோறு வைத்து விரதத்தை முடித்தார்.

அதற்கு அடுத்த சனி குசினியில் இருந்து மீன்குழம்பு மணந்தது. மதியமானதும் டேய் வழமைபோல விறாந்தைக்குப் போய்க் கைப்பிடியில் கால் வைத்து நின்றது. எனக்கு அதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. தன்னுடைய உத்தியோகம் முடிந்துபோனது என்று அதற்கு யார் சொல்வது? குளிரும் போய்விட்டது. நாங்கள் இருவரும் அந்த வீட்டில் இருப்பதற்கு இனி ஒரு காரணமும் இல்லை. மனதுக்குள் நான் வயரைச் சுருட்டத் தொடங்கியிருந்தேன்.

அக்கா கோப்பையோடு வெளியே வந்தார். சோறு, முள் எடுத்த மீன், மேலே குழம்பு.

"இவ்வளவு நாளும் எனக்காக மரக்கறி திண்டது. இண்டைக்கு மீன் திண்ணட்டும்."

"வேலை முடிஞ்ச பிறகும் சம்பளம் குடுக்கிற முதலாளியை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றார் அண்ணை. "எங்கடை ஃபக்டரிக்கும் ஒருக்கா வந்து சொல்லுமன்."

கோடையில் நானும் நாயும் வேலைக்காக ஆற்றோரம் கீழே போனோம். சனிக்கிழமை மதியம் எந்த ஊரில் நின்றாலும் அது வானின் படியில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்கும். நான் சோறு வடிப்பேன். முதல் பனியோடு சென்ட் லோரன்ட் திரும்பினோம். யன்னல் ஒரு விரலளவு திறந்து, சேலைத்துண்டு அடைத்து, தயாராக இருந்தது. அதற்குப் பிறகு வந்த குளிர்காலங்களும் அப்படித்தான். வேறு ஊர்களில் நல்ல வேலைகள் வந்தன. குளிர்காலத்துக்கு அங்கே எங்கே போவது என்று யோசித்துவிட்டு நான் போகவில்லை. அலைந்து திரிபவனுக்கு ஒரு வயர் போதும் என்று அப்போது நினைத்தேன். அந்த வயர் என்னைக் கட்டிப் போட்டிருந்தது என்பது பிறகுதான் விளங்கியது.

பிந்தி, அக்காவின் தம்பியும் கனடாவுக்கு வந்து சேர்ந்த பிறகு, அவர்கள் எல்லோரும் சேர்ந்து மேற்குப் புறநகரான கர்க்லாண்டில் ஒரு வீடு பார்த்தார்கள். விற்பவர் அறைகளைக் காட்டினாராம், நிலவறையைக் காட்டினாராம், தோட்டத்தைக் காட்டினாராம். அக்கா கேட்ட முதல் கேள்வி, பின்சுவரில் வெளியே பிளக் இருக்கிறதா என்பதுதான். இருந்தது. அதனால்தான் அந்த வீட்டை எடுத்தோம் என்று அண்ணை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வருடம் முதல் பனியோடு நான் கர்க்லாண்டுக்குப் போனேன். வானைப் பின்சுவரோடு நிறுத்தினேன். டேய்க்கு வயதாகிவிட்டிருந்தது. படியில் இருந்து ஒவ்வொரு காலாக இறங்கியது. பின்கதவு திறந்திருந்தது. உள்ளே சட்டியில் ஏதோ பொரியும் சத்தம். புது வீடு, புதுப் படி. அது போய் முன்னங்கால்கள் இரண்டையும் படிக்கு வெளியே ஒட்ட வைத்துக்கொண்டு நின்றது. நானும் அதற்குப் பின்னால், வயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அக்கா திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் என்ன? தூக்கிறதுக்கு எனக்கு இப்ப இடுப்பில்லை. வயரைப் பேந்து பாக்கலாம். உள்ள வாங்கோ, குளிர் அடிக்குது."

டேய் என்னைப் பார்த்தது. நான் முதலில் காலை வைத்தேன். பின்னால் அதன் நகங்கள் புதுத்தரையில் தட்டும் சத்தம் கேட்டது.